வாசிகசாலையில் 163 புத்தகங்கள், வாசிக்க ஆளில்லை: எழுத்து விளையாட்டுக்குள் இருக்கும் நூலகத்தை எப்படித் திருத்துவது?

குளக்கட்டு (மல்லாவி) கேட்கிறார்:

வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டு வருடங்களாக ஒரு தமிழ் எழுத்து விளையாட்டை இணையத்தில் நடத்தி வருகிறோம். அதில் படம் எதுவும் கிடையாது. 'வடக்கே போ', 'மண்வெட்டியை எடு', 'துருசைத் திற' (துருசு என்பது குளத்து மதகு) என்று கட்டளை தட்டினால், அடுத்து என்ன நடந்தது என்பதை விளையாட்டும் எழுத்திலேயே சொல்லும். 1978 இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, பலர் சேர்ந்து விளையாடும் மட் வகை எழுத்து விளையாட்டுகளின் வழியில் வந்ததுதான் இதுவும். ஆனால் எங்கள் உலகில் கோட்டை கொத்தளங்கள் இல்லை, ஒரு குளமும், அதன் கீழே வயலும், பாலையும் வீரையும் நிற்கும் காடும், தேனெடுக்கப் போகிறவர்களின் வாடியும் இருக்கின்றன. இத்தகைய விளையாட்டுகளைக் கட்டுவதற்கென்று பைதான் நிரல்மொழியில் எழுதப்பட்ட எவெனியா என்ற சட்டகத்தில் இதைக் கட்டியிருக்கிறோம். வழங்கியாக ஓடுவது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் ஒரு பழைய மடிக்கணினி. அதன் பற்றறி எப்போதோ செத்துவிட்டது.

குளக்கட்டுக்குக் கிட்ட ஒரு வாசிகசாலை வைத்திருக்கிறோம். ஊரில் சனசமூக நிலையத்தோடு சேர்ந்திருக்கும் வாசிகசாலையை மனத்தில் கொண்டே அதை அமைத்தோம்: நீள மேசை ஒன்று, இரண்டு வாங்குகள், சுவரோடு ஒரு கண்ணாடி அலுமாரி. விளையாடுகிறவர்கள் எழுதிய புத்தகங்கள் அந்த அலுமாரிக்குப் போகும். இன்றைக்கு அதில் 163 புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் இருபதைத் தவிர மற்றவற்றை எழுதியவரைத் தவிர வேறொருவரும் திறந்து பார்க்கவில்லை என்று எங்கள் பதிவு காட்டுகிறது. இதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. 'அலுமாரியைப் பார்' என்று தட்டினால் 163 தலைப்புகளும் ஒரே மூச்சில் திரையில் ஓடி மறைகின்றன. கைத்தொலைபேசியில் வருகிறவருக்குக் கடைசிப் பத்துத்தான் மிஞ்சும், அந்தக் கடைசிப் பத்தில் மூன்றின் பெயர் 'சோதனை', 'சோதனை 2', 'பெயர் பிறகு'.

இவ்வளவு நாளும் இதைப் பொருட்படுத்தாமல் இருந்த எங்களை அசைத்தது சென்ற மாதம் நடந்த ஒன்று. ஒட்டுசுட்டான் பக்கத்தைச் சேர்ந்த, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் எங்களோடு விளையாடுகிறார். அரிவி வெட்டு, உப்பட்டி கட்டுதல், சூடு வைத்தல், மாடு கட்டிச் சூடு மிதித்தல் என்று தம் இளமைக்காலத்து வயல் வேலை முழுவதையும், களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்றே சொல்லும் வழக்கம் உட்பட, ஒரு புத்தகமாக எழுத வேண்டும் என்று அவர் ஓர் இரவு உட்கார்ந்தார். மூன்று மணித்தியாலம் எழுதினார். அவர் பக்கத்தில் மின்சாரம் இருந்தது; எங்கள் பக்கத்தில் போய்விட்டது. மடிக்கணினி அணைந்தது, திரும்ப ஏற்றியபோது அவருடைய புத்தகம் இருந்த இடத்தில் தலைப்பு மட்டும் இருந்தது. நான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். 'பரவாயில்லைத் தம்பி' என்றார்; ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கிழமையாக அவர் விளையாட்டுக்குள் வரவில்லை.

ஆகவே கேட்கிறேன். எழுதுகிற கருவியை, முதலில் எழுத்து அழியாதபடியும் அதற்குப் பிறகு எழுதுவதற்கு இலகுவாகவும், எப்படி மாற்றுவது? அலுமாரியை எந்த ஒழுங்கில் பிரித்தால் வருகிறவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்? இன்னுமொரு சிக்கலும் உண்டு. ஒருவர் எழுதிய புத்தகத்தை இரண்டு பேர் வாசித்து, அதை மறுத்து வேறொரு புத்தகமும் எழுதிய பிறகு, முதலாமவர் தம் புத்தகத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டார். இப்போது மறுப்பு நூல் இல்லாத ஒன்றை மறுத்துக்கொண்டு நிற்கிறது. இதற்கு ஏதேனும் ஏற்பாடு உண்டா?


கம்பிவடம் (வவுனியா) எழுதிய மறுமொழி:

அழிந்துபோன எழுத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைச் சரிசெய்ய ஒரு பின்னேரம் போதும். எவெனியாவோடு வரும் தொகுப்பி, அதாவது எழுத்தைத் தட்டித் திருத்தும் கருவி, வி.ஐ. என்ற பழைய யுனிக்ஸ் தொகுப்பியைப் பார்த்துச் செய்யப்பட்ட, வரி வரியாக வேலை செய்யும் ஒரு வரித்தொகுப்பி. நீங்கள் தட்டுகிற வரிகளை அது நினைவகத்தில் வைத்திருந்து, சேமிக்கச் சொன்னால்தான் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோகும். வழங்கி நின்று திரும்பினாலும் எழுதியது நிலைக்க வேண்டும் என்று சொல்லும் தெரிவு அதிலேயே இருக்கிறது, ஆனால் நீங்களாக இயக்காவிட்டால் அது அணைந்தே இருக்கும். இயக்கிவிட்டால், ஒவ்வொரு வரி சேரும்போதும் அதுவரை எழுதியது முழுவதும் எழுதுகிறவரின் பாத்திரத்தோடு தரவுத்தளத்தில் பதிந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை: சேமிக்கவும் வெளியேறவும் நீங்கள் கொடுக்கும் செயற்கூறுகள் (ஒவ்வொரு வேலைக்கும் பெயரிட்டு எழுதும் நிரல் துண்டுகள்) கோப்பின் மேல்மட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வேறொரு செயற்கூறின் வயிற்றுக்குள் அவற்றை வைத்தால் தொகுப்பி ஏற்காது. இந்த இடத்தில் நான் ஒரு முழு நாளை வீணாக்கியிருக்கிறேன் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது நாங்கள் சேர்க்கிள்மட் என்ற பழைய மட் நிரலின் வழிவந்த ஒரு விளையாட்டை நடத்திக்கொண்டிருந்தோம். அப்போது பாடமாகக் கற்றது, வரைவு வேறு, புத்தகம் வேறு என்பதுதான். எழுதிக்கொண்டிருப்பது எழுதுகிறவருடைய கொப்பி. அது அரைகுறையாக இருக்கலாம், பெயரில்லாமலும் இருக்கலாம், தானாகவே சேமிக்கப்பட வேண்டும், வேறெவர் கண்ணிலும் படக்கூடாது. 'அலுமாரியில் வை' என்று அவர் சொல்லும்போதுதான் அதிலிருந்து ஒரு பிரதி எடுக்கப்பட்டுப் புத்தகமாக வேண்டும், அந்தப் பிரதி பிறகு மாறக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே பொருளாக வைத்திருப்பதனால்தான் உங்கள் அலுமாரியில் 'சோதனை 2' குந்தியிருக்கிறது. சத்தமில்லாமல் திருத்தும் வசதி அந்த எழுத்தாளருக்குக் கிடைத்ததற்கும் காரணம் இதுவே.

எழுதுவதற்கு இலகு என்று கேட்டீர்கள். வரித்தொகுப்பி என்பது தொலைத்தட்டச்சுக் காலத்தின் மிச்சம். 1989 இல் வந்த எல்.பி.மட் என்ற மட் நிரல், யுனிக்ஸின் 'எட்' தொகுப்பியைப் போன்ற ஒன்றைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. டிக்குமட் என்ற இன்னொரு மட் நிரலின் வழியில் வந்த விளையாட்டுகளில், எழுதி முடித்ததும் தனி வரியில் ஒரு 'அற்' குறியை இட்டால் எழுத்து முடிந்ததாகக் கொள்ளப்படும். நிரல் எழுதுகிறவர்கள் இவற்றுக்குப் பழகிப்போயிருந்தார்கள். உங்கள் ஆசிரியர் பழகத் தேவையில்லை. ஏழாம் வரியில் ஒரு புள்ளி விடுபட்டதற்காக ஏழாம் வரி முழுவதையும் திரும்பத் தட்டச் சொல்வது அநியாயம். விளையாடுகிறவர்களே உலகைக் கட்டிக்கொள்ளும் மூ வகை மட் விளையாட்டுகளில் இதற்கு முன்னரே ஒரு விடை கண்டார்கள்: மட் கிளையன்ட் புரோட்டோகோல் என்ற உடன்பாட்டின் ஒரு பகுதியாக, தொகுக்க வேண்டிய எழுத்தை விளையாடுகிறவரின் கணினிக்கே அனுப்பி, அங்கே ஒரு தனிச் சாளரத்தில் திருத்தி, முடிந்ததும் முழுவதாகத் திருப்பி வாங்கிக்கொள்வது. உங்களுக்கு அந்த உடன்பாடும் தேவையில்லை. எவெனியா, வலைத்தளம் கட்டும் பைதான் சட்டகமான ஜாங்கோவின் மேல் அமர்ந்திருக்கிறது. விளையாட்டின் தரவுத்தளத்தையே வாசிக்கும் ஒரு வலைப்பக்கத்தை நீங்கள் எழுதலாம். 'எழுது' என்று தட்டினால் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். கைத்தொலைபேசியில் விரல் வைத்து நடுவில் ஒரு சொல்லைத் திருத்தக்கூடிய சாதாரண எழுத்துப்பெட்டி போதும்.

தமிழுக்கென்று இரண்டு சொல்ல வேண்டும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூ.ரி.எவ்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு எடுக்கும். 'நூலகம்' என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஆறு குறிகள், 18 பைட்டுகள். சேர்க்கிள்மட்டில் ஒரு வரிக்கு ஒதுக்கிய இடம் 256 பைட்டுகள், எனவே ஒரு வரியில் 85 தமிழ்க் குறிகளுக்கு மேல் கொள்ளாது, வரி நிரம்பும் இடத்தில் கடைசிக் குறி பாதியில் அறுந்து கேள்விக்குறியாக நிற்கும். உண்மையில் அந்த நிலைக்கு வருவதற்கே அதன் நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்தாத நிரல் ஆஸ்கி (ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறிகளும் அடங்கிய தொகுதி) அல்லாத எதையும் வாங்காமல் தள்ளிவிடும், நீங்கள் தமிழில் ஒரு பந்தி எழுதி அனுப்பினால் இடைவெளிகளும் முற்றுப்புள்ளிகளும் மட்டும் போய்ச் சேரும். எவெனியாவில் இந்த வில்லங்கம் இல்லை. ஆனால் பக்கம் பிரிக்கும்போது கவனமாக இருங்கள். 80 எழுத்து அகலம் என்று கணக்கிட்டு வரியை மடிப்பது ஒரே அகல ஆங்கில எழுத்துக்குப் பொருந்தும். தமிழில் 'ண' வும் 'ர' வும் ஒரே இடத்தை அடைப்பதில்லை. ஆகவே வரி மடிப்பதை வாசிக்கிறவரின் செயலியிடமே விட்டுவிட்டு, பக்கங்களைப் பந்திக் கணக்கில் பிரியுங்கள். மூன்று நான்கு பந்திக்கு ஒரு பக்கம் என்றால் கைத்தொலைபேசியில் ஒருமுறை விரலால் தள்ளும் அளவுக்கு வரும்.

மடிக்கணினிக்கு ஒரு பற்றறியும் வாங்குங்கள்.


அட்டவணை (கிளிநொச்சி) எழுதிய மறுமொழி:

தம்பி, நான் விளையாடுகிறவள் இல்லை. நூலகத்தில் வேலை செய்கிறேன்; என் மகன் இந்தக் கேள்வியைக் காட்டினான். நிரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் அலுமாரியைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வகுக்கும் டூயி தசமப் பகுப்பை 163 புத்தகத்துக்குக் கொண்டுவர வேண்டாம். தமிழ் இலக்கியம் முழுவதுக்கும் அதில் 894.811 என்ற ஒரே வாசல்தான். உங்களிடம் உள்ள கதைகளும் பாட்டுகளும் எல்லாம் அந்த ஒரு தட்டிலேயே போய் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பகுப்பு முறை என்பது வருகிறவர் எப்படித் தேடுவார் என்பதிலிருந்து பிறக்க வேண்டும். உங்கள் விளையாட்டில் வருகிறவர் குளத்தடியில் நிற்கிறார், காட்டுக்குள் வழி தவறுகிறார், வயலில் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறார். அவருக்கு வேண்டியது அந்த இடத்தைப் பற்றிய புத்தகம். ஆகவே அலுமாரியின் தட்டுகளுக்குக் குளம், வயல், காடு, வீடு, கோயில் என்று பெயர் வையுங்கள். 'அலுமாரியைப் பார்' என்றால் தட்டுகளின் பெயரும் ஒவ்வொன்றிலும் எத்தனை புத்தகம் என்பதும் மட்டும் தெரியட்டும். ஒரு தட்டில் பதினைந்துக்கு மேல் சேர்ந்தால் அதைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

ஒரு புத்தகத்தைப் பற்றி என்னென்ன கேட்டுப் பதிவது என்பதில்தான் பலர் வழுக்குவார்கள். வெளிநாட்டு நூலகங்களின் படிவத்தைக் கொண்டுவந்து, பதிப்பாளர், பதிப்பிடம், தொடர் இலக்கம் என்று பெட்டி பெட்டியாக வைப்பார்கள். நன்னூலின் பாயிரத்தில் இதற்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. காலம், களம், காரணம் என்று அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுவன மூன்று. நூலைத் திறப்பதற்கு முன்பே அது யாருக்காக, எதைப் பற்றி எழுதப்பட்டது என்று வாசகருக்குச் சொல்லிவிடும் பட்டியல் இது. பதினொன்றையும் எழுதுகிறவரிடம் கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார். ஆக்கியோனும் காலமும் விளையாட்டுக்கே தெரியும். களம் என்பது நூல் அரங்கேறிய அவை. உங்கள் விளையாட்டில் அதை அவர் எந்த இடத்தில் இருந்து எழுதினாரோ அந்த இடமாகக் கொள்ளலாம், அதையும் விளையாட்டே நிரப்பிவிடும். எழுதுகிறவரிடம் நூற்பெயர், நுதலிய பொருள் ஒரு வரியில், கேட்போர் யார், எந்த ஊர் வழக்கு என்ற நான்கை மட்டும் கேளுங்கள். நாலாவதை நான் எல்லை என்பதிலிருந்து எடுத்தேன். பாயிரத்தில் அது நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறிப்பது. ஆனால் வன்னிக்குள்ளேயே துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு மாதிரியும் முள்ளியவளைப் பக்கத்தில் வேறு மாதிரியும் சொல்லுகிற சொற்கள் இருக்கிறபடியால், இதைக் கேட்டு வைப்பது பின்னுக்கு மிகவும் உதவும்.

இப்போது திருத்தியவரின் கதை. கம்பிவடம் சொன்னபடி அலுமாரிக்குப் போன பிரதி மாறக்கூடாது. திருத்த விரும்பினால் இரண்டாம் பதிப்பாக வரட்டும், முதற்பதிப்பும் அதே இலக்கத்தின் கீழ் இருக்கட்டும். மறுப்பு நூல் எழுதுகிறவர் எந்தப் பதிப்பை மறுக்கிறார் என்பதும் அவருடைய நூலில் பதியட்டும். இதற்கும் நமக்குப் பழைய சொற்கள் இருக்கின்றன: முதல்நூல், வழிநூல், சார்புநூல். முதல்நூலின் முடிபை முழுவதும் ஏற்று, தான் வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். ஒரு சிறு பகுதியில் ஒத்து மற்றதில் வேறுபடுவது சார்புநூல். புத்தகத்தைப் பதியும்போது 'இது எந்த நூலின் வழி' என்று ஒரு கேள்வி கேட்டு, விடையை இரண்டு பக்கத்திலும் காட்டினால், ஒன்றை வாசித்தவர் மற்றதற்குப் போவார். உங்கள் 163 இல் பலவற்றை எவரும் திறக்காததற்குக் காரணம் அவை மோசமானவை என்பதாக இருக்காது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழியில்லை.

எழுதியவர் கணக்கை மூடிக்கொண்டு போனால் அவருடைய புத்தகம் என்னாகும் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். நாங்கள் ஒரு புத்தகத்தைக் கழித்தாலும் அதன் சேர்விலக்கத்தை வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை. பதிவேட்டில் அந்த வரி கோடிட்டபடி நிற்கும். அதுபோல, ஒருவர் தம் புத்தகத்தை எடுத்துவிட விரும்பினால் எடுக்கலாம், ஆனால் இருந்தது என்ற பதிவு இருக்கட்டும்.

இன்னுமொன்று, தரவுத்தளத்தின் பிரதியை அந்த வீட்டுக்கு வெளியே எங்காவது வையுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்று நாம் சொல்லும்போது, அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன என்பதுதான் நெஞ்சில் தைப்பது. 2005 முதல் நூலகம் என்ற பெயரிலேயே இணையத்தில் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வைப்பவர்கள் செய்வதும் அடிப்படையில் இன்னொரு பிரதி வைப்பதுதான். ஓர் ஆசிரியர் சூடு மிதித்ததைப் பற்றி எழுதியது விளையாட்டுக்குள் இருக்கும் புத்தகம் என்பதால் அது விளையாட்டாகிவிடாது.


வாடி (முல்லைத்தீவு) எழுதிய மறுமொழி:

நான் இந்த விளையாட்டில் விளையாடுகிறவன். அலுமாரியில் இரண்டு புத்தகங்கள் என்னுடையவை, 'சோதனை' என்னுடையது அல்ல. மேலே இரண்டு பேர் சொன்னதையும் மறுக்கவில்லை. ஆனால் வலைப்பக்கம், தேடல், தட்டு, இணைப்பு என்று எல்லாம் வந்துவிட்டால், அதற்குப் பிறகு வாசிகசாலைக்கு நடந்து போவதற்கு என்ன காரணம் இருக்கும்? எந்த இடத்திலிருந்தும் எந்தப் புத்தகத்தையும் திறக்கலாம் என்றால் அது ஓர் இணையத்தளம், விளையாட்டில் அதற்கு இடமில்லை.

புத்தகம் கையில் இருக்கிற பொருளாக இருக்க வேண்டும். 1990 இல் தொடங்கிய லாம்டாமூ என்ற மூ வகை விளையாட்டில் காகிதக் குறிப்பு ஒரு பொருள். அதை ஒருவரிடம் கொடுக்கலாம், குறிப்பிட்ட சிலர் மட்டும் வாசிக்கும்படி பூட்டி வைக்கலாம், கடிதம் என்றால் எரித்துவிடவும் முடியும். எழுத்து விளையாட்டு இல்லையென்றாலும் மைன்கிராப்டில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது: எழுதிய புத்தகத்தில் கையொப்பமிட்டுவிட்டால் அதற்குப் பிறகு அதில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது; மூலத்திலிருந்து பிரதி எடுக்கலாம், பிரதியிலிருந்தும் பிரதி எடுக்கலாம், அந்தப் பிரதியின் பிரதியிலிருந்து மேற்கொண்டு எடுக்க முடியாது. அந்தத் தடையினாலேயே மூலப்பிரதிக்கு ஒரு மதிப்பு வருகிறது. நம் வாசிகசாலையிலும் ஒரு புத்தகத்துக்கு இரண்டு பிரதி மட்டும் வையுங்கள். இரவல் எடுத்தவர் காட்டுக்குள் கொண்டு போகட்டும், வாடியில் இருந்து வாசிக்கட்டும், இன்னொருவருக்கு வேண்டுமென்றால் அவரைத் தேடிப் போய்க் கேட்கட்டும். 'பாலை மரத்துக்குக் கீழே இருக்கிறவரிடம் உன் புத்தகம் இருக்கிறது' என்று கேள்விப்படுவதைவிட எழுதினவனுக்கு வேறென்ன வேண்டும்?

திருப்பிக் கொடுக்காத புத்தகத்தைக் கறையான் அரிக்கும்படி செய்தாலும் நன்றாயிருக்கும்.


அட்டவணை (கிளிநொச்சி):

கறையானை நான் போதிய அளவு பார்த்துவிட்டேன், விளையாட்டிலும் வேண்டாம். மற்றபடி வாடி சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் நினைக்காத நியாயம். அலுமாரியில் ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும், அதை அங்கேயே இருந்து வாசிக்கலாம், வெளியே கொண்டு போவது இரவற்பிரதி. எங்களிடம் உசாத்துணைப் பகுதியும் இரவல் பகுதியும் வேறு வேறாக இருப்பது இதற்காகத்தான்.

இரவல் என்று வந்துவிட்டதனால் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய நூலகப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் திகதித் தாளைத் தம்பி கண்டிருப்பீர்கள்: திருப்பித் தர வேண்டிய திகதி ஒன்றன்கீழ் ஒன்றாக ஊதா மையில் குத்தப்பட்டிருக்கும். ஆள் பெயர் இராது, திகதி மட்டுந்தான். ஆனால் அந்தத் தாள் நிரம்பியிருந்தால் எடுத்துப் பார்க்கிறவர் கையை விட்டு அந்தப் புத்தகம் போகாது, பன்னிரண்டு வருடம் எவரும் எடுக்காத புத்தகத்தில் நம் திகதிதான் முதலாவது என்றால் அதிலும் ஒரு சந்தோசம் உண்டு. உங்கள் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் இந்தத் தாளை வையுங்கள். வாசித்தவர் பெயரைக் காட்ட வேண்டாம். யார் எதை வாசித்தார் என்பது அவரவர் விடயம். விருப்பக் குறி, நட்சத்திரம் ஒன்றும் வேண்டாம்.


குளக்கட்டு (மல்லாவி):

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமையாக வேலை செய்துவிட்டு எழுதுகிறேன்.

வரைவையும் புத்தகத்தையும் பிரித்துவிட்டோம். தொகுப்பி இப்போது ஒவ்வொரு வரியையும் தரவுத்தளத்தில் எழுதுகிறது. சோதித்துப் பார்ப்பதற்காக நானே நடுவில் மின்கம்பியைப் பிடுங்கினேன், தட்டிக்கொண்டிருந்த கடைசி வரியைத் தவிர எல்லாம் திரும்பி வந்தது. வலைப்பக்கத்து எழுத்துப்பெட்டி வந்த பிறகு வரித்தொகுப்பியைப் பாவிப்பவர் எங்களில் ஒருவர் மட்டுமே, அவரும் பிடிவாதத்துக்காக. தட்டுகள் ஏழு ஆகின. அவரவரிடம் கேட்டுப் 'பெயர் பிறகு' வகையறாக்களைக் கொப்பிக்குத் திருப்பியதில் அலுமாரியில் 118 புத்தகங்கள் நிற்கின்றன. இரவற்பிரதியும் திகதித் தாளும் நேற்றுத்தான் நடைமுறைக்கு வந்தன. அக்கா சொன்ன 'எந்த நூலின் வழி' என்ற கேள்விக்கு நாற்பது பேரளவில் விடை எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர் தம் மீன்குழம்புக் குறிப்பு இன்னொருவருடைய மீன்குழம்புக் குறிப்பின் சார்புநூல் என்று பதிந்திருக்கிறார்.

ஆசிரியரிடம் நேரில் போனேன். திரும்ப எழுத அவருக்கு மனமில்லை. ஆனால் பத்து வருடத்துக்கு முன்பு இதே விடயத்தை, ஒருங்குறி அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த கோப்பு ஒன்று அவருடைய மகளிடம் இருந்தது. அதை ஒருங்குறிக்கு (யூனிகோட்டுக்கு) மாற்றிப் புத்தகமாக ஏற்றிவிட்டோம். அவர் பார்த்துத் திருத்தியும் தந்துவிட்டார். இப்போது ஒரு விசித்திரம். அலுமாரியில் 'பொலி' என்று தேடினால் அந்தப் புத்தகம் வருவதில்லை. புத்தகத்தைத் திறந்தால் அந்தச் சொல் முதலாம் பக்கத்திலேயே என் கண் முன்னால் இருக்கிறது. 'சூடு' என்று தேடினால் வருகிறது. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை, மூன்று பேர் பார்த்தோம்.


கம்பிவடம் (வவுனியா):

பாமினியிலிருந்து மாற்றியது என்று சொன்னதும் விளங்கிவிட்டது. ஒருங்குறியில் 'பொ' வை இரண்டு விதமாக எழுதலாம். பகரத்துக்குப் பின்னால் ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒரு விதம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இடுவது மற்ற விதம். பாமினியில் கொம்பும் காலும் வேறு வேறு விசைகள் என்பதால், உங்கள் மாற்றி அவற்றைச் சேர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். 'சூடு' வில் கொம்பும் இல்லை, காலும் இல்லை, ஆகவே அது தப்பிவிட்டது. 'கோயில்', 'மோர்', 'போடியார்' எல்லாம் இதே பாடுதான் படும், தேடிப் பாருங்கள்.

பைதானோடு வரும் யூனிகோட்டேற்றா என்ற தொகுதியில் ஒழுங்காக்கும் செயற்கூறு ஒன்று உண்டு, அதில் என்.எவ்.சி. என்ற வடிவத்தைக் கேட்டால் பிரிந்து நிற்கும் கொம்பையும் காலையும் அது ஒரே குறியாகச் சேர்த்துவிடும். புத்தகம் அலுமாரிக்குப் போகும்போது ஒருமுறையும், தேடுகிறவர் தட்டிய சொல்லுக்கு ஒருமுறையும் அதை ஓட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் 118 புத்தகங்களின் மேலும் ஒரே தடவை ஓட்டிவிடுங்கள். ஓட்டுவதற்கு முன் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அலுமாரிக்குப் போனது மாறக்கூடாது என்று நானே சொன்னேன். இது எழுத்தை மாற்றுவதா இல்லையா என்று அக்காவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.


அட்டவணை (கிளிநொச்சி):

புத்தகத்துக்கு அட்டை மாற்றிக் கட்டுவதைப் போலத்தான். பதிவேட்டில் திகதியோடு ஒரு வரி எழுதிவிட்டுச் செய்யுங்கள், தம்பி.